றொபேட் பேர்ன்ஸின் காதற் பாடல்கள்: சமூகவியல் நோக்கிற் சில குறிப்புகள்

1

ஸ்கொட்லாந்தின் தேசியக் கவிஞராகப் போற்றப்படும் றொபேட் பேர்ன்ஸ் (1759-1796) பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் நோக்குவோர், அவற்றில் இரு வேறு கவிஞர்களைச் சந்திப்பர். ஒருவர் காதற் பாடகர். பெண்களின் அழகில் மயங்கி, கட்டுப்பாடற்ற உணர்ச்சிப் பெருக்கிற் பாடியவர். மற்றவர் சனநாயகப் பாடகர். பிரான்சியப் புரட்சியை வரவேற்று, பட்டத்தையும் பதவியையும் எள்ளி, மனிதனின் மதிப்பு அவனது பிறப்பில் இல்லை என்று முழங்கியவர். மரபுவழித் திறனாய்வாளர் முதலாமவரைக் கொண்டாடி இரண்டாமவரை மறந்துவிடுவர். முற்போக்காளரோ இரண்டாமவரை மேடையேற்றி, முதலாமவரை ‘ஏனைய பாடல்கள்’ என்னும் தலைப்பின் கீழ் ஒதுக்கிவிடுவர்.

இவ்விரு சாராரும் தம்மையறியாமலே ஓர் எடுகோளில் உடன்படுகின்றனர். காதல் என்பது சமுதாயத்துக்குப் புறம்பாக, இரு உள்ளங்களுக்கிடையில் மாத்திரம் நிகழ்வது என்பதே அது. பேர்ன்ஸின் வாழ்க்கையை ஓரளவேனும் அறிந்தோர் இவ்வெடுகோளை ஏற்றுக்கொள்ள இயலாது. நிலக் குத்தகை, திருச்சபையின் தண்டனை, திருமணப் பத்திரம், அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டம் ஆகிய அனைத்தும் அவரது காதலினூடே குறுக்கிட்டன. அவரது காதற் பாடல்கள் எவ்வகைச் சமூக உறவுகளிலிருந்து தோன்றின, அவ்வுறவுகளை எவ்விடத்து மீறின, எவ்விடத்து மீறத் தவறின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பேர்ன்ஸ் 1759 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் திகதி, எயர்ஷயரிலுள்ள அலோவே என்னும் ஊரில், தந்தையார் தம் கையாலேயே கட்டிய மண் குடிலிற் பிறந்தார். எழுவருள் மூத்தவர். தந்தை வில்லியம் வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தோட்டக்காரர். பின்னர் குத்தகைக் கமக்காரரானவர். அக்காலம் ஸ்கொட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிற் பழைய கூட்டுப் பயிர்ச்செய்கை முறை அழிந்து, நிலம் வேலியிடப்பட்டு, போட்டிக் குத்தகைக்கு விடப்பட்ட காலமாகும். ‘விவசாய அபிவிருத்தி’ என வரலாற்றாசிரியர் வருணிக்கும் இம்மாற்றத்தின் சுமையைச் சுமந்தோர் சிறு குத்தகையாளரே.

1766 இல் இக்குடும்பம் மவுண்ட் ஒலிபன்ற் என்னும் 70 ஏக்கர்க் கமத்தை ஆண்டொன்றுக்கு 40 பவுண் குத்தகைக்கு எடுத்தது. மண் வளமற்றது, கூலியாளை அமர்த்த வசதியில்லை. 13 வயதிற் சூடடிக்கத் தொடங்கிய சிறுவன், 15 வயதில் அக்கமத்தின் பிரதான உழைப்பாளியாக இருந்தான் என அவரது தம்பி கில்பேட் குறிப்பிட்டுள்ளார். 37 வயதிற் கவிஞரைக் கொன்ற இருதய நோய்க்கு இவ்விளமைக்கால உழைப்பும் காரணமாகலாம் என மருத்துவ நோக்கில் ஆராய்ந்தோர் கருதுவர். நிலச்சொந்தக்காரரின் முகவர் விடுத்த மிரட்டற் கடிதங்கள் வீட்டாரைக் கண்ணீரில் ஆழ்த்தியதைக் கவிஞர் இறுதிவரை மறக்கவில்லை. 1777 இல் லொக்லீ என்னும் 130 ஏக்கர்க் கமத்துக்குக் குடும்பம் பெயர்ந்தது. ஏக்கருக்கு ஒரு பவுண் வீதம் குத்தகை. அங்கு நிலச்சொந்தக்காரருடன் ஏற்பட்ட வழக்கிலே தந்தையார் 1784 சனவரியில் வென்றார், மறுமாதம் இறந்தார்.

இத்தகைய வாழ்விலே முதற் காதலும் முதற் பாடலும் எவ்வாறு தோன்றின என்பதைப் பேர்ன்ஸ் தாமே பதிவு செய்துள்ளார். 1787 இல் டொக்டர் ஜோன் மூருக்கு எழுதிய நீண்ட தன்வரலாற்றுக் கடிதத்தில் அச்செய்தி உள்ளது. அறுவடைக் காலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக வேலை செய்வது அந்நாட்டு வழக்கம். 15 ஆவது வயதில் அவருக்கு இணையாக வாய்த்தவள் நெல்லி என்னும் பெண். அவள் விரும்பிப் பாடும் மெட்டு ஒன்று இருந்தது. அந்த மெட்டுக்கே அவர் சொற்களை அமைத்தார். அதற்குத் தூண்டுதலாக அமைந்தது யாது? அயலிலுள்ள சிறு நிலச்சொந்தக்காரர் ஒருவரின் மகன், தன் தந்தையின் வேலைக்காரப் பெண்ணைக் காதலித்துக் கட்டியதாகக் கூறப்பட்ட பாடலொன்று அப்பொழுது வழங்கிவந்தது. அவனால் இயலுமாயின் தம்மால் ஏன் இயலாது என்று எண்ணியதாகக் கவிஞர் கூறுகிறார்.

இச்சிறு செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. பேர்ன்ஸின் முதற் பாடல் தனிமையிற் பிறந்ததன்று. கூட்டு உழைப்பின் நடுவே, பொதுச் சொத்தான ஒரு மெட்டின் மீது பிறந்தது. அதனோடு ஒரு வர்க்கப் போட்டியும் அதன் பிறப்பிற் கலந்திருந்தது. காதலைப் பாடும் உரிமை நிலமுடையோனுக்கு மாத்திரம் உரியதன்று என்ற உணர்வு, அவரது அரசியற் பாடல்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவரது காதற் பாடலில் முளைவிட்டிருந்தது எனலாம்.

3

தந்தையின் மறைவுக்குப் பின் சகோதரர் இருவரும், தாம் 90 பவுணுக்குக் குத்தகைக்கு எடுத்திருந்த மொஸ்கீல் என்னும் 118 ஏக்கர்க் கமத்துக்குப் பெயர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே பேர்ன்ஸின் மிகச்சிறந்த கவிதைகள் பலவும், அவர் மீது சுமத்தப்பட்ட அபகீர்த்தியும் தோன்றின.

1785 மே மாதத்தில், அவர்கள் வீட்டில் வேலை செய்த எலிசபெத் பேற்றன் என்னும் பெண்ணுக்கு அவரால் ஒரு மகள் பிறந்தாள். அக்காலத்துப் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபை, ஆத்மீக நிறுவனமாக மாத்திரமன்றி, கிராமத்தின் நீதிமன்றமாகவும் இயங்கியது. மூப்பர் மன்றம் மக்களின் படுக்கையறை வரை விசாரணை நடத்தியது. குற்றம் சாட்டப்பட்டோர் ஞாயிறுதோறும் சபை முன்னிலையில் நின்று கண்டனம் பெறவேண்டும். முறைகேடாகப் பிறக்கும் குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்புப் பங்கின் ஏழைகள் நிதியைச் சாராதிருக்கவேண்டும் என்ற பொருளாதாரக் கவலையும் இவ்வொழுக்கக் கண்டிப்பின் பின்னால் இருந்தது. இப்போலி ஒழுக்கத்தை எள்ளிப் பேர்ன்ஸ் எழுதிய அங்கதங்கள் பலரும் அறிந்தவை. ஆயின், அங்கதத்தினும் துணிச்சல் வாய்ந்தது, அக்குழந்தையை வரவேற்று அவர் பாடிய கவிதையே. சபையார் பாவத்தின் சின்னமாகக் கருதிய சிசுவைத் தம் மகளென ஊரறிய ஏற்றுக்கொண்டு, ஒரு தந்தையின் பெருமிதத்தோடு பாடுகின்றார்.

இதனையடுத்து நிகழ்ந்தது ஜீன் ஆமர் விவகாரம். ஜீன் மொக்லின் ஊரிலே ஓரளவு வசதி படைத்த கட்டிடக் கைவினைஞரின் மகள். அவள் 1786 தொடக்கத்திற் கருவுற்றிருந்தாள். இருவரும் கணவன் மனைவியர் என்பதை ஒப்புக்கொள்ளும் பத்திரமொன்றைப் பேர்ன்ஸ் அவளிடம் கொடுத்திருந்தார். ஸ்கொட்லாந்தின் சட்டப்படி இருவரின் சம்மதமே திருமணத்துக்குப் போதுமானது; ஆகவே அப்பத்திரம் வலிமை வாய்ந்தது. ஜீனின் தந்தை அதனை வழக்கறிஞரிடம் கொண்டுசென்றார். பத்திரத்திலிருந்து இருவர் பெயர்களும் வெட்டியெடுக்கப்பட்டன. ஜீன் பேய்ஸ்லி நகருக்கு அனுப்பப்பட்டாள். மணமாகாத கருவுற்ற மகளை வீட்டில் வைத்திருப்பதிலும், கடன்பட்ட குத்தகைக் கமக்காரனை மருமகனாக்குவதே பேரிழிவு என அத்தந்தை கருதினார். ஒழுக்கம் என்று ஊர் பேசியதன் உள்ளீடு சொத்து என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோடையிற் பேர்ன்ஸ் சபை முன் நின்று கண்டனம் பெற்றார். ஜீனின் தந்தை குழந்தைப் பராமரிப்புக்கெனப் பிடியாணை பெற முயன்றார். கவிஞர் யூலை 22 ஆம் திகதி தமது உடைமைகளையும், வெளிவரவிருந்த நூலின் வருவாயையும் மூத்த மகளின் வளர்ப்புக்கெனத் தம்பியின் பெயருக்கு மாற்றினார். யூலை 31 இல் கில்மார்னொக் நகரில் அவரது முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது: 612 பிரதிகள், விலை மூன்று சிலிங். செலவு போக ஏறத்தாழ 20 பவுண் தமக்குக் கிடைத்ததாகக் கவிஞர் கூறியுள்ளார். செப்டெம்பர் 3 இல் ஜீன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள்.

அடுத்த ஆண்டு, எடின்பரோவில் புகழ்பெற்ற கவிஞராக அவர் ஊர் திரும்பியபோது, அதே வீட்டார் அவரைக் கைகூப்பாத குறையாக வரவேற்றனர். அப்பணிவு தமக்கு அருவருப்பூட்டியதாகக் கவிஞர் நண்பருக்கு எழுதினார். ஆள் மாறவில்லை, ஆளின் விலை மாறியிருந்தது.

4

1786 இல் அவர் தப்பிச்செல்லத் தேர்ந்தெடுத்த இடம் யமெய்க்கா என்பதை இங்கு கவனிக்கவேண்டும். கரும்புத் தோட்டமொன்றிற் கணக்குப்பிள்ளையாகப் பணிபுரிய அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அப்பதவி, பெயரளவில் கணக்கெழுதுவதாயினும், நடைமுறையில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பைக் கண்காணிக்கும் கங்காணிப் பதவியே. கப்பற் பயணத்துக்கு ஒன்பது கினி தேவைப்பட்டது. நூல் வெளியீட்டின் உடனடிக் காரணங்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்திலேயே அவர் காதலித்த மேரி கம்பல் என்னும் மேட்டுநிலப் பெண் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கிரீனொக் துறைமுக நகரிற் காய்ச்சலால் இறந்தாள். அவளை நினைந்து 1789 இலும் 1792 இலும் அவர் பாடிய இரங்கற் பாடல்கள் உலகறிந்தவை. அப்பிரிவுத் துயரின் பின்னணியில் அடிமைத் தோட்டத்துக்குச் செல்லவிருந்த கப்பல் நிற்பதை அப்பாடல்களை விதந்தோதுவோர் அரிதாகவே நினைவூட்டுவர். நூலின் வெற்றியால் அவர் அக்கப்பலில் ஏறவில்லை. எனினும் மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞர், அடிமைகளை மேய்க்கும் வேலைக்கு ஒருகாலத்தில் உடன்பட்டிருந்தார் என்ற உண்மையை முற்போக்காளர் மூடிமறைப்பது நேர்மையாகாது.

யமெய்க்கா அவரது காதல் வாழ்வில் இரண்டாம் முறையும் தோன்றுகிறது. 1787 டிசெம்பர் 4 ஆம் திகதி எடின்பரோவிலே பேர்ன்ஸ் அக்னஸ் மக்லிஹோஸ் என்னும் கற்ற பெண்மணியைச் சந்தித்தார். அவரது கணவர் ஒரு வழக்கறிஞர். மனைவியைக் கொடுமைப்படுத்திப் பின்னர் யமெய்க்காவிற் பொருளீட்டச் சென்றுவிட்டவர். உறவினரின் ஆதரவில் வாழ்ந்த அப்பெண்மணிக்கு நற்பெயரே மூலதனம். ஆகவே இருவரும் ‘சில்வண்டர்’, ‘கிளாரிண்டா’ என்னும் புனைபெயர்களிற் கடிதம் எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களிற் காணப்படும் பேர்ன்ஸ், நாமறிந்த பேர்ன்ஸ் அல்லர். எடின்பரோ வரவேற்பறைகளின் செயற்கையான ஆங்கிலத்தில், மிகையுணர்ச்சி ததும்ப எழுதுகின்றார். 1786 டிசெம்பரில் ஹென்றி மக்கென்சி அவரைத் தெய்வத்தாற் கற்பிக்கப்பட்ட உழவன் என்ற பொருள்பட வருணித்திருந்தார். உயர்குடியினர் உழவனை வியந்தனர். தம்முள் ஒருவனாக ஏற்கவில்லை. அவர்களது மொழியைக் கைக்கொண்டு அவ்விடைவெளியைத் தாண்டக் கவிஞர் செய்த முயற்சியே இக்கடிதங்கள்.

இவ்வுறவின் மறுபக்கம் ஒன்றுண்டு. அக்னஸின் வேலைக்காரியான ஜெனி குளோ என்னும் பெண்ணுக்கு 1788 நவம்பரிற் பேர்ன்ஸால் ஒரு மகன் பிறந்தான். எசமானிக்குக் கடிதம், வேலைக்காரிக்குக் கரு. வர்க்க வேறுபாடு காதலின் வடிவத்தையே எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதற்கு இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு அரிது. 1791 நவம்பரில், ஜெனி வறுமையில் மரணப்படுக்கையிற் கிடக்கிறாள் என்பதை அக்னஸ் கவிஞருக்கு எழுதினார். அவளுக்கு ஐந்து சிலிங் கொடுத்துதவுமாறு பேர்ன்ஸ் பதிலெழுதினார். அதனையடுத்த மாதமே, டிசெம்பர் 27 ஆம் திகதி, கணவரைத் தேடி யமெய்க்காவுக்குப் புறப்படவிருந்த அக்னஸுக்கு அவர் தமது புகழ்பெற்ற பிரிவுப் பாடலை அனுப்பினார். ஆங்கில மொழியின் மிகச்சிறந்த காதற் பாடல்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. நான்கு ஆண்டுக் கடிதங்களின் அலங்காரம் முழுவதையும் களைந்து, குடியானவரின் எளிய சொற்களில், நாட்டுமெட்டில், இழப்பை ஒப்புக்கொள்ளும் பாடல் அது. யமெய்க்காவிற் கணவருக்கு வேறொரு குடும்பம் இருப்பதைக் கண்ட அக்னஸ் 1792 இலேயே திரும்பிவிட்டார்.

அப்பாடலின் அழகை இச்செய்திகள் பொய்யாக்கிவிடா. ஆயின், அப்பாடலையும் ஐந்து சிலிங்கையும் ஒருங்கே நோக்காத விமர்சனம் பாதி விமர்சனமே.

5

இனி, பாடல்களின் கலைத்தன்மைக்கு வருவோம். பேர்ன்ஸின் காதற் பாடல்களை ஒரு தனிமனித உள்ளத்தின் வெளிப்பாடாக நோக்கும் மனோரதியப் பார்வை இங்கு அடிப்படையிலேயே தவறுகிறது. எடின்பரோவிலே ஜேம்ஸ் ஜோன்சன் என்னும் செதுக்குக் கைவினைஞர் ஸ்கொட்லாந்தின் பாடல்களையும் மெட்டுகளையும் திரட்டி வெளியிட முனைந்தார். 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் 600 பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பேர்ன்ஸ் இயற்றியனவோ, திருத்தியனவோ, சேகரித்தனவோ ஆகும். பின்னர் ஜோர்ஜ் தொம்சன் என்பாரின் தொகுதிக்கும் அவர் பாடல்கள் அளித்தார். ஜோன்சனிடமோ தொம்சனிடமோ அவர் ஊதியம் கோரவில்லை. தொம்சன் பணம் அனுப்பியபோது சினந்து, மீண்டும் அனுப்பவேண்டாமென எச்சரித்தார். 1707 இல் தன் பாராளுமன்றத்தை இழந்த ஒரு நாட்டின் மொழியும் இசையும் அழியாது காக்கும் பணிக்குக் கூலி பெறுவது இழுக்கென அவர் கருதினார்.

அவரது ஆக்கமுறை குறிப்பிடத்தக்கது. முதலில் மெட்டைப் பலமுறை முணுமுணுத்துத் தம்முள் இறக்கிக்கொள்வார். மெட்டின் உணர்வு பிடிபட்ட பின்னரே சொற்கள் வரும். எழுதப்படிக்க அதிகம் அறியாத தாய் அக்னஸ் பாடிய பாடல்களும், மனைவி ஜீனின் இனிய குரலும் இப்பணிக்கு உதவின. கிராமத்துப் பெண்களே இம்மரபின் காவலர். செந்நிற ரோசாவைக் காதலிக்கு உவமையாக்கிய, 1794 இல் முதன்முறை அச்சேறிய அவரது பாடல் யாவருமறிந்தது. நாட்டுப்புறத்தே தாம் கேட்டெடுத்த எளிய பழம் பாடலென அவரே அதனைக் குறிப்பிட்டார். அதிலுள்ள உருவகங்கள் பலவற்றுக்கு அக்காலச் சிறு பாட்டுப் புத்தகங்களில் மூலங்கள் உண்டு என ஆய்வாளர் காட்டியுள்ளனர். அங்ஙனமாயின் ஆசிரியர் யார்? மக்கள் தலைமுறை தலைமுறையாக இழைத்து வைத்த நூலை நெய்தவர் பேர்ன்ஸ் என்பதே பொருத்தமான விடையாகும்.

இம்மரபு அவருக்குப் பெண்ணின் குரலையும் அளித்தது. ‘ஜோன் அண்டர்சன்’ என்ற பாடல் பழைய வடிவில், முதிய கணவனின் ஆண்மைக் குறைவை மனைவி எள்ளும் கொச்சைப் பாடலாகும். 1790 இல் வெளிவந்த பேர்ன்ஸின் வடிவில் அதே மனைவி, நரைத்த கணவனோடு தான் கடந்துவந்த நீண்ட வாழ்வை நினைந்து நெகிழ்கின்றாள். இளமையும் அழகுமே காதலின் பொருள் என்றிருந்த இலக்கிய வழக்கில், உழைத்துத் தேய்ந்த இரு முதியோரின் அன்பு பாடுபொருளானமை சாதாரண விடயமன்று. ‘டாம் கிளென்’ பாடலிலே செல்வந்த நிலச்சொந்தக்காரனை மறுத்து, பணமில்லாத ஒருவனையே கொள்வேன் எனப் பெண்ணொருத்தி வாதிடுகின்றாள். பெற்றோர் பேசும் விலையும் அவள் நாடும் மனமும் அங்கு நேர்க்குநேர் மோதுகின்றன. ஜீன் ஆமரின் கிழிக்கப்பட்ட பத்திரத்தை அறிந்தோருக்கு இவ்வாதத்தின் வேர் எங்குள்ளது என்று கூறவேண்டியதில்லை.

6

1788 இற் பேர்ன்ஸ் ஜீனை மனைவியாக ஊரறிய ஏற்றார். எலிஸ்லண்ட் கமத்தில் வீடு கட்டப்படுங்கால், மொக்லினில் இருந்த அவளை நினைந்து பாடிய பாடலில் கற்பு வாழ்வின் கனிவு உண்டு. ஆயின் அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், நிறைமாதக் கர்ப்பிணியான அவளைத் தாம் கையாண்ட விதத்தை நண்பர் ஒருவருக்குப் பெருமையடித்து எழுதிய கடிதமும் எஞ்சியுள்ளது. ஆணாதிக்கத்தின் கொச்சை வடிவம் அது. பெண்ணை உடைமையாகக் கருதும் மனோபாவத்தின் ஆவணம். 1791 இல் டம்பிரீஸ் நகர் விடுதிப் பணிப்பெண்ணுக்கும் ஜீனுக்கும் சில நாள் இடைவெளியில் அவரால் குழந்தைகள் பிறந்தன. இரு குழந்தைகளையும் வளர்த்தவள் ஜீன். பெண்ணின் குரலில் அத்துணை நுட்பமாகப் பாடியவர், தம்மைச் சூழ்ந்த பெண்களின் குரலுக்கு எப்பொழுதும் செவிசாய்த்தார் எனக் கூறுதற்கில்லை.

இம்முரண்பாட்டைத் தனிமனித பலவீனம் என்று தள்ளிவிடுவது எளிது. 1800 இல் முதல் விரிவான வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் கறி அவ்வாறே செய்து, மதுவையும் ஒழுக்கக் கேட்டையும் காரணமாக்கினார். உண்மையிலோ, அவர் 1789 முதல் தீர்வைப் பகுதியில் 50 பவுண் சம்பளத்தில் நெடுந்தூரம் குதிரையிற் சென்று கடமையாற்றியவர். 1792 டிசெம்பரில் அரச விசுவாசம் குறித்து விசாரணைக்குள்ளாகி, குடும்பத்தின் பொருட்டு வாய்மூட நேர்ந்தவர். 1796 யூலையில், கடனுக்குச் சிறை செல்ல நேருமோ என அஞ்சித் தொம்சனிடம் ஐந்து பவுண் இரந்து கேட்டவர். யூலை 21 இல் இறந்தார். 25 ஆம் திகதி அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்ட அன்று ஜீன் ஒன்பதாவது குழந்தையைப் பெற்றாள்.

நிலமுடையோனுக்கு எதிராகத் தலைநிமிர்ந்த குத்தகையாளன், தன் வீட்டு வேலைக்காரிக்கு முன் எசமானாகவே நின்றான். ஒடுக்கப்பட்டோன் ஒடுக்குமுறையின் எல்லா வடிவங்களையும் தானாகவே உணர்ந்துகொள்வான் என்பது உண்மையன்று. வர்க்க உணர்வு கூர்மையடைந்த ஓர் உள்ளத்திலும் ஆண் என்ற சலுகை அசையாது வீற்றிருக்கும். பேர்ன்ஸின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம் இதுவே.

சோவியத் நாட்டிலே மர்ஷாக்கின் மொழிபெயர்ப்பினாற் பேர்ன்ஸ் மக்கட் கவிஞரானார். 1956 இல் அங்கு அவருக்கு அஞ்சல் முத்திரை வெளியிடப்பட்டது. 1999 இல் ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் மீண்டும் திறக்கப்பட்டபோது அவரது சமத்துவப் பாடல் அங்கு இசைக்கப்பட்டது. இப்பெருமைகள் தகுதியானவையே. ஆயின் அச்சமத்துவப் பாடலை விளங்கிக்கொள்வதற்கும் காதற் பாடல்களே வழியாகும். மனிதனை விலையால் அளப்பதற்கு எதிரான அவரது கோபம் நூல்களிலிருந்து மாத்திரம் பெறப்பட்டதன்று. வெட்டியெடுக்கப்பட்ட ஒரு பெயரிலும், ஊர் பழித்த ஒரு சிசுவின் முகத்திலும் அவர் அதனைக் கற்றிருந்தார். அவர் கற்றதைப் போற்றுவதோடு, கற்கத் தவறியதையும் எடுத்துரைப்பதே அவருக்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதையாகும். ஜீன் ஆமர் 1834 வரை வாழ்ந்தாள். பாடல்களிற் பேசும் பெண்களோடு, பாடல்களுக்கு வெளியே உழைத்த அப்பெண்களையும் சேர்த்து எழுதும்போதே பேர்ன்ஸின் வரலாறு நிறைவுறும்.